வேதவல்லி திரும்பி வந்த புத்தகம்

கே.கே. நகர், திருச்சி
12 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ரஞ்சனி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முப்பத்தாறு வருடம் கழித்து இப்படிச் சம்பிரதாயமாகத் தொடங்குவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

என் மகள் யாழினி என்னை ஃபேஸ்புக்கில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். 'பேர் மறந்த புத்தகம்' என்று பெயர். தலைப்பும் எழுதியவரும் மறந்துபோன புத்தகத்தைப் பற்றி ஞாபகம் இருப்பதை எழுதிப் போட்டால், நாற்பதாயிரம் பேர் சேர்ந்து தேடித் தருவார்கள். 'பச்சை அட்டை, ஒரு படகுக்காரன் வருவான், எட்டாம் வகுப்பில் படித்தேன்' என்று ஒருவர் எழுதுவார். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். இதைப் பார்த்துக்கொண்டிருந்து இரண்டு முறை குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

போன வாரம் சம்ரீன் என்ற பெண் தன் அம்மாவுக்காக ஒரு புத்தகம் தேடியிருந்தாள். பத்திரிகைத் தொடரைக் கிழித்து பைண்டு செய்தது. முன்பக்கம் இல்லை. வேதவல்லி என்ற பெண் தனக்குப் பிடித்தவனோடு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பாதிக்கு மேல் சாரதா என்று பெயர் மாற்றிக்கொண்டு டீச்சராக இருக்கிறாள். பல வருடம் கழித்து ஊர் திரும்பிக் கதவைத் தட்டுகிறாள். அப்பா கதவைத் திறந்து ஏதோ சொல்கிறார். 'அவர் சொன்னது அம்மாவுக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் தேடுகிறோம்' என்று முடித்திருந்தாள். அம்மா பெயர் ஜஹானாரா, ஊர் ஹூப்ளி என்று இருந்தது.

பெயரும் ஊரும் எனக்குத் தெரியாதவை. ஆனால் அந்தப் புத்தகம் திருவெறும்பூரில் நம் வீட்டு அலமாரியில் இருந்தது, இப்போது இல்லை. அப்படி ஒன்று வேறு எங்கும் கிடையாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான்.

'ஒரு துப்பு இருக்கிறது' என்று சம்ரீனிடம் சொல்லி முகவரி வாங்கினேன். சித்தி என்று சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா 2011இல் போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தாள். இதைத் தபாலில் சொல்லவேண்டியிருப்பதற்கு மன்னியுங்கள்.

பதில் வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, வருத்தப்படுவேன்.

உங்கள் தங்கை,
ரஞ்சனி

ஹூப்ளி
29 ஜனவரி 2024

என் ரஞ்சனிக்கு,

ஆண்டவன் கிருபையில் நாங்கள் நலம். உன் வீட்டிலும் அதே கிருபை இருக்கட்டும்.

முதலில் ஒன்று. என்னை 'நீங்கள்' என்று எழுதாதே. என் முதுகில் உப்புமூட்டை ஏறி ரேஷன் கடை வரைக்கும் வந்தவள் நீ.

உன் கடிதத்தைப் பத்து நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பா போனது தெரியும். பொன்மலைப் பட்டறையில் உன் அத்தானோடு வேலை பார்த்தவர்கள் மூலமாகச் செய்தி வந்தது. அம்மா போனது தெரியாது. மூன்று நாள் அடுப்படிக்குப் போகவில்லை. உன் அத்தான்தான் சமைத்தார், உப்பே இல்லாமல்.

இங்கே ரயில்வே பட்டறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவர் இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். சம்ரீன் ஒரு ஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். சின்னவன் ஜாவித் துபாயில் இருக்கிறான். ஜஹானாரா என்பது நிக்காவின்போது வைத்த பெயர். உன் அத்தான் மட்டும் இன்றைக்கும் கிளி என்றுதான் கூப்பிடுகிறார். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

நீ யாரென்று சம்ரீனிடம் சொல்லிவிட்டேன். 'சித்தி நம்பர் குடுங்க, இப்பவே பேசணும்' என்று குதிக்கிறாள். கொஞ்ச நாள் கடிதமாகவே இருக்கட்டும். ஃபோனில் அழுகையை அடக்கிக்கொண்டு பேச எனக்குத் தெரியாது.

ஒரு கேள்வி. பத்திரிகையில் வந்த கதை என்றால் எத்தனையோ ஆயிரம் வீட்டில் படித்திருப்பார்களே. வேறு எங்கும் கிடையாது என்கிறாயே, எப்படி?

உன் அக்கா,
செல்லக்கிளி

கே.கே. நகர்
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

'நீ' போட உத்தரவு கொடுத்துவிட்டாய், இனிமேல் அனுபவி. உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி? எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. உன் தங்கை வீட்டுக்காரர் அன்புச்செல்வன்தான் எனக்காகவும் சேர்த்துக் கவலைப்படுகிறார்.

உன் புத்தகத்தால் குழுவில் இப்போது ஒரே அடிதடி. இருநூறு பேருக்கு மேல் பதில் எழுதிவிட்டார்கள். வேதவல்லியைப் படித்தவர்கள் ஒரு கட்சி, சாரதாவைப் படித்தவர்கள் ஒரு கட்சி. 'இந்தக் கதையில் டீச்சரே கிடையாது' என்கிறது முதல் கட்சி, தலைப்பும் முடிவும் மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. 'எங்கள் சாரதா யாரோடும் போகவில்லை, வீண்பழி சுமத்தாதீர்கள்' என்கிறது இரண்டாவது. மதுரைவீரன் என்று ஒருவர் 'உங்க அம்மா கனவு கண்டிருப்பாங்க' என்று எழுதி, சம்ரீனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்தில் பிச்சமுத்து என்று ஒருவர் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு முழுக்கப் பழைய வாரப் பத்திரிகைகளாம். 'பாதி பொருந்துது, பாதி பொருந்தலைங்க. ஆனா ஒருத்தர் கேட்டதைக் கிடைக்கலைன்னு சொல்லி இந்தக் குரூப்ல மூடுறதில்லை' என்று குரல் பதிவு போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு மெனக்கெடுவானேன்? நீ நேரில் வந்துவிடேன். ஏப்ரலில் யாழினியும் பெங்களூரிலிருந்து வருகிறாள். திருவெறும்பூர் வீடு வாடகைக்குப் போய்விட்டது. நான் இங்கே கே.கே. நகரில் இருக்கிறேன். உனக்கு ஒரு அறை இருக்கிறது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
ரஞ்சனி

ஹூப்ளி
2 மார்ச் 2024

ரஞ்சனி கண்ணுக்கு,

நலம். நீ சர்க்கரையைச் சட்டை செய்யாவிட்டால் அது உன்னைச் சட்டை செய்யும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். எனக்கு முழங்கால் சரியில்லை, படி ஏற முடிவதில்லை. பத்து நாளில் நோன்பு வேறு தொடங்குகிறது. அத்தானுக்கு பிரஷர். பார்க்கலாம்.

சம்ரீனுக்கு இந்தப் புத்தகத்தின்மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சின்ன வயதில் அவளுக்கு நான் சொன்ன ஒரே கதை இதுதான். வீட்டை விட்டு வந்த அன்று என் பையில் இரண்டு புடவையும் சர்டிபிகேட்டும் இருந்தன. மனசில் வேதவல்லி இருந்தாள். போனவள் ஒருநாள் திரும்புவாள், அப்பா கதவைத் திறப்பார் என்று அச்சடித்தே போட்டிருந்தார்களே, அந்தத் தைரியம்தான். பெயர் மாற்றியபோதுகூட, வேதவல்லியும் மாற்றிக்கொண்டவள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
கிளி அக்கா

கே.கே. நகர்
16 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நோன்பு நேரத்தில் வெயிலில் அலையாதே.

எங்கள் வீடு தரைத்தளம். ஒரே ஒரு படி, அதுவும் சின்னப் படி. பெருநாள் முடிந்ததும் வா. அத்தானின் பிரஷருக்கு இங்கேயும் டாக்டர் இருக்கிறார்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. நேற்று ஸ்ரீரங்கம் வரை போய்வந்தேன்.

ரஞ்சனி

ஹூப்ளி
24 ஏப்ரல் 2024

ரஞ்சனிக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டேன். மாம்பழ நிறம் எனக்குப் பிடிக்கும் என்பதை நீ மறக்கவில்லை.

உன் குழுவில் விடை வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய். பிச்சமுத்து இரண்டு கட்டுகளைக் கண்டுபிடித்துவிட்டார். 1984இல் ஒரே பத்திரிகையில் அடுத்தடுத்து வந்த இரண்டு வேறு வேறு தொடர்களாம். முதலாவது 'வேதவல்லியின் பிழை'. அது முடிந்த மறுவாரம் சாரதாவின் கதை ஆரம்பித்திருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்துவிட்டார்கள், எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

நான் தேடிய வரியும் கிடைத்தது. 'விளக்கு வைக்கிற நேரமாச்சு, உள்ளே வாம்மா' என்கிறார் அப்பா. ஆனால் சாரதா வெளியூருக்கு டிரான்ஸ்ஃபரில் போன டீச்சராம். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்ணுக்கு எந்த அப்பாதான் கதவைத் திறக்க மாட்டார்?

நம் புத்தகத்தில் வேதவல்லிக்கு முடிவும் இல்லை, சாரதாவுக்கு ஆரம்பமும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்து படித்தபோது, 'என்னடி, திடீர்னு சாரதாங்கிறாங்க, இது யாரு?' என்று உன்னைத்தான் கேட்டேன். 'அவதாங்க்கா இவ, பேரை மாத்திக்கிட்டா, அதான் கதை' என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உனக்கு அப்போது பதினோரு வயது.

அது எப்படி ரஞ்சனி?

கிளி அக்கா

ஹூப்ளி
30 மே 2024

ரஞ்சனிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு மாதத்துக்கு மேல் உன் கடிதம் இல்லை. சம்ரீன் மெசேஜ் அனுப்பினால் நீ பார்த்ததாகக் காட்டுகிறதாம், பதில் மட்டும் இல்லையாம்.

பிச்சமுத்து, வேதவல்லியின் கடைசி நான்கு வாரத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறார். உறையைப் பிரிக்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகு பிரிக்கிறேன்.

அக்கா

கே.கே. நகர்
14 ஜூன் 2024

அக்கா,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறாய்?

அந்தப் புத்தகத்தை ஒட்டியவள் நான்தான்.

நீ புதுக்கோட்டை ஹாஸ்டலில் இருந்தபோது, லீவில் நீ படிக்கட்டும் என்று அம்மா வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து ஒரு டின்னில் போட்டு வைப்பாள். வரிசைப்படுத்தி பெரிய கடை வீதி பைண்டரிடம் கொடுப்பது என் வேலை. அந்த வருடம் ஸ்கூலில் 'தமிழ்நாட்டு அணைகள்' என்று சார்ட் ஒட்டச் சொன்னார்கள். வேதவல்லியின் கடைசி நான்கு வாரமும் பின்பக்கத்தில் அணைகளின் வண்ணப்படம். மேட்டூர், வைகை, பவானிசாகர், சாத்தனூர். கத்தரித்து ஒட்டிவிட்டேன். பரிசுகூடக் கொடுத்தார்கள்.

பைண்டிங்குக்குப் போகும்போதுதான் உறைத்தது. உனக்காக அம்மா சேர்த்ததைப் பாழாக்கினேன் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். சாரதா கதையின் முதல் வாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டையும் ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிட்டேன். முன்பக்கத்தையும் ஒவ்வொரு வாரத் தலைப்பையும் வெட்டி எடுத்துவிட்டேன். நீ கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். நான்கு வருடம் கழித்து நீ அதை நம்பி வாசல் தாண்டப் போகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச்சில் உன் கடிதம் வந்ததும் ஸ்ரீரங்கம் ஓடினேன். சும்மா போகவில்லை. பிச்சமுத்துவிடம் தேடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். அவர் மனைவி செல்லக்கண்ணு காபி கொடுத்தார். பிச்சமுத்து பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "ஏங்க, ஒரு அம்மா ஒரே ஒரு வரி கேக்கறாங்க. அதைக் கொடுக்காம நான் எப்படிங்க விடுறது?" என்றார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புத்தகத்தையாவது பதினோரு வயதில் செய்தேன். இன்னொன்றை இருபத்திரண்டு வயதில் செய்தேன். அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

1995, சித்திரை மாதம், மத்தியானம். நீ கைக்குழந்தையோடு திருவெறும்பூர் வீட்டுக் கதவைத் தட்டினாய். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றார். அம்மா அடுப்படியில் நின்றபடி அழுதாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தேன். குழந்தை வெயிலில் கத்தியது. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை அக்கா. அப்பாவுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். வேறு காரணம் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இனி உறையைப் பிரித்துக்கொள்.

ரஞ்சனி

ஹூப்ளி
3 ஜூலை 2024

என் ரஞ்சனிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்க வேண்டும். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உறையைப் பிரித்தேன். வேதவல்லிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அவன் அவளைக் கைவிட்டுவிடுகிறான். ஊர் சிரிக்கிறது. கடைசி வாரத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். கீழே கட்டம் கட்டி, 'பெற்றோர் சொல் கேளாத பெண்களுக்கு இது பாடம்' என்று போட்டிருக்கிறார்கள். சம்ரீன் படித்துவிட்டு, "சித்தி மட்டும் கையில கெடைச்சா கட்டிப்பிடிச்சுக்குவேன்மா" என்றாள். அத்தான் தன்னை வில்லனாக்கிவிட்டதாகக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் டீ வேண்டாம் என்றார்.

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த நான்கு வாரத்தை நான் இருபது வயதில் படித்திருந்தால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. இவரும் இல்லை, சம்ரீனும் ஜாவித்தும் இல்லை. ஒரு பெண்ணைக் கிணற்றில் விழவிடாமல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்கிறாய், மக்கே.

இன்னொன்றும் தோன்றுகிறது. அம்மா வாராவாரம் படித்துவிட்டுத்தான் கிழித்து வைத்தாள். அவளுக்கு முடிவு தெரியும். அந்தப் புத்தகத்தை என் பெட்டிமேல் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். வேதவல்லிதான் சாரதாவாகித் திரும்பி வருகிறாள் என்று நான் அவளிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திருத்தவில்லை. இதை நினைத்து இந்த வாரம் நிறைய அழுதேன். நல்ல அழுகைதான்.

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியும். திரைக்குக் கீழே உன் மஞ்சள் சுடிதார் தெரிந்தது. முழங்கால் வலி நிஜம், ஆனால் நான் வராததற்கு அது காரணம் இல்லை. உன்மேல் கோபம் இருந்தது. பல வருடம் இருந்தது. உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தபோது தேடிப் பார்த்தேன், இல்லை. நீ அதை எழுதியே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நீயாக எழுதினாய்.

ஆனாலும் என்னை வரச் சொல்லாதே ரஞ்சனி. ஒரு கதவின் முன்னால் நின்று தட்டிவிட்டேன். இன்னொன்றின் முன்னால் போய் நிற்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அது உன் கதவாக இருந்தாலும் சரி. இது கோபம் இல்லை என்று நீ நம்ப வேண்டும்.

உன்,
கிளி

கே.கே. நகர்
11 ஜூலை 2024

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை அன்புச்செல்வன் சத்தம் போட்டுப் படித்தார், என்னால் முடியவில்லை.

குழுவில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். அணைக்கட்டு, சார்ட், பரிசு எல்லாம் எழுதினேன். இரண்டு கட்சியும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். 'வேதவல்லி திரும்பி வருகிற புத்தகம் எங்கே கிடைக்கும்?' என்று இதுவரை அறுபது பேர் கேட்டிருக்கிறார்கள். பிச்சமுத்து நேற்றுத்தான் உன் தேடலை 'கிடைத்தது' என்று போட்டு மூடினார்.

ஜனவரியிலிருந்து உன்னை வா, வா என்று எழுதிக்கொண்டிருந்தேன். நான் கிளம்ப வேண்டும் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை பார். டிக்கெட் எடுத்துவிட்டேன். பெங்களூர் வழியாக, ஜூலை 20, சனிக்கிழமை காலை ஹூப்ளி வந்துவிடுவேன். சம்ரீனை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே. ஐந்து உறைமேல் எழுதிய முகவரி எனக்கு மனப்பாடம்.

கதவைச் சாத்தியே வை. நான் தட்டுகிறேன். முழங்காலை வைத்துக்கொண்டு ஓடி வராதே, மெதுவாக எழுந்து வா. எவ்வளவு நேரமானாலும் நான் வெளியே நிற்கிறேன்.

ரஞ்சனி